படமும் பாடமும்

குழந்தை எழுத்தை அறியுமுன் உருவத்தை அறிகிறது. தாயின் முகத்தைக் கண்டு சிரிக்கிறது. நிலவைக் கண்டு கை நீட்டுகிறது. தன் நிழலைக் கண்டு தானே அஞ்சுகிறது. நாவில் முதற்சொல் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே கண் தன் பாடத்தைத் தொடங்கிவிடுகிறது. ஆயினும், பள்ளி வாயிலில் அடி வைத்த அன்றே, கண்ணின் வழியாக ஈட்டிய அறிவையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, அறியாத கோடுகளையே நோக்குமாறு குழந்தையைப் பணிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. அவ்வழக்கம் இன்றும் முற்றும் ஒழிந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை. அதனை மாற்றவல்ல எளிய கருவி ஒன்று உண்டு. அதுவே படநூல். அதன் பயனையும், அதனைக் கையாளும் முறையையும் ஆராய்வதற்குத் தக்க நிலம், தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்த ஓசூர்ப் பகுதியாகும்.

தருமபுரி மாவட்டத்தினின்றும் பிரிந்து 2004-ஆம் ஆண்டில் தனி மாவட்டமானது கிருஷ்ணகிரி. அதன் எல்லையில் ஒருபால் கருநாடகமும் மற்றொருபால் ஆந்திரமும் உள்ளன. அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூர், 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. ஒருகாலத்தில் கேழ்வரகுக் கொல்லைகளும் ஏரிகளும் சூழ்ந்திருந்த சிற்றூர் அது. 1971-இல் நிறுவப்பெற்ற சிப்காட் என்னும் தொழில் மேம்பாட்டுக் கழகம் அங்குத் தொழிற்பேட்டைகளை அமைத்த பின்னர், அவ்வூரின் முகமே மாறிற்று. சரக்குந்துகளும், இருசக்கர வண்டிகளும், கைக்கடிகாரங்களும் இன்று அங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. தொழிலை நாடி மக்கள் வந்தனர். மக்களோடு மொழிகளும் வந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அந்நிலத்திற்குப் பழமையானவை. அவற்றோடு இந்தி, ஒடியா, வங்காளம் முதலிய மொழிகளும் இன்று தொழிலாளர் குடியிருப்புகளில் ஒலிக்கின்றன. சந்தையில் ஒரு மொழியும், ஆலையில் ஒரு மொழியும், அடுப்பங்கரையில் ஒரு மொழியுமாக வாழும் குடும்பங்கள் அங்கே பல.

இத்தகைய ஊரின் தொடக்கப்பள்ளி ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் வகுப்பில் குழந்தைகள் அமர்ந்துள்ளனர். ஒரு குழந்தை வீட்டில் தெலுங்கு பேசுகிறது. மற்றொன்று கன்னடம் பேசுகிறது. பிறிதொன்று உருது பேசுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எழுத்தை வரைந்து, அதன் ஒலியைக் கூறி, குழந்தைகளைத் திருப்பிச் சொல்லுமாறு ஏவுகிறார். தமிழ் பேசும் குழந்தைகள் உரக்கச் சொல்கின்றனர். ஏனையோர் உதட்டை மட்டும் அசைக்கின்றனர். சில நாட்களில் அவ்வசைவும் நின்றுவிடுகிறது. அக்குழந்தைகளைக் குறித்து, 'மந்தமானவர்கள்' என்று எவரேனும் கூறிவிடுவாராயின், அதனினும் பெருந்தீங்கு வேறில்லை. வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் ஊமையாகி இருப்பதற்குக் காரணம், அதன் அறிவுக் குறைவு அன்று. தான் அறிந்ததைச் சொல்லுவதற்கு அங்கே வாயில் இல்லாமையே ஆகும்.

தமிழ்நாட்டில் பயிலும் பிள்ளைகள் அனைவரும் தமிழ் கற்றல் வேண்டும் என்பதற்காக, 2006-ஆம் ஆண்டில் தமிழ் கற்கும் சட்டம் இயற்றப்பெற்றது. அது முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறியது. வாழும் நாட்டின் மொழியை அறிதல் பிள்ளைகளுக்கு உரிமையும் ஆகும், நன்மையும் ஆகும். ஆதலின், கற்பிக்கலாமா என்பது இங்கு வினா அன்று. எவ்வாறு கற்பித்தால் அம்மொழி குழந்தைக்கு இனியதாகும் என்பதே வினா. அச்சத்தோடு கற்ற மொழி தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். மகிழ்ச்சியோடு கற்ற மொழி வாழ்நாள் முழுதும் உடன்வரும்.

இவ்விடத்தில்தான் படநூல் துணைக்கு வருகிறது. எழுத்து ஒரு மொழிக்கு உரியது. படமோ எல்லா மொழிக்கும் பொதுவானது. அதே வகுப்பில் ஆசிரியர் குழந்தைகளை வட்டமாக அமர்த்தி, ஒரு படநூலை விரிக்கிறார் எனக் கொள்வோம். மழை பெய்கிறது, குட்டையின் கரையில் ஒரு தவளை அமர்ந்திருக்கிறது. ஆசிரியர் ஒன்றும் கூறவில்லை, காத்திருக்கிறார். 'தவளை' என்கிறது ஒரு குழந்தை. 'கப்ப' என்கிறது தெலுங்கு பேசும் குழந்தை. 'கப்பெ' என்கிறது கன்னடம் பேசும் குழந்தை. அதுவரை வாய் திறவாதவர் வாய் திறந்துவிட்டனர். மூன்று சொற்களையும் ஆசிரியர் ஏற்றுக்கொண்டு, மூன்றையும் எல்லாரையும் சொல்லச் செய்கிறார். பின்னர், 'இதற்குத் தமிழில் தவளை என்று பெயர்' எனத் தமிழ்ச் சொல்லை நிலைநிறுத்துகிறார். அச்சொல் இப்போது வெற்றொலி அன்று. கண்ணால் கண்ட பொருளின் பெயர்.

வேற்றுமொழிச் சொற்களுக்கு வகுப்பில் இடம் கொடுத்தால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோர் சிலர் உளர். அவ்வச்சம் தமிழின்மேல் கொண்ட அன்பால் எழுவது; எனினும், பொருந்தாதது. மேற்கூறிய படத்தில் உள்ள மழையைத் தெலுங்குக் குழந்தை 'வான' என்று கூறும். அது தமிழுக்குப் புறம்பான சொல்லா? திருக்குறளில் மழையின் பெருமையைக் கூறும் அதிகாரத்திற்கு 'வான்சிறப்பு' என்பதன்றோ பெயர்? வான் என்னும் சொல் மழையையும் குறிக்கும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் மேல்வகுப்பில் உரை பார்த்து அறிகின்றனர். ஓசூரில் ஆறு வயதுக் குழந்தை அதனை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. வீட்டைத் தெலுங்கர் 'இல்லு' என்பர். அது நம் 'இல்' அன்றோ? கன்னடர் 'மனெ' என்பர். அது நம் 'மனை' அன்றோ? பாலை 'ஹாலு' என்றும், புலியை 'ஹுலி' என்றும், பல்லை 'ஹல்லு' என்றும் கன்னடக் குழந்தை கூறுகிறது. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்பது மொழிநூலார் கண்ட உண்மை. அவ்வுண்மையை நூற்பாவாக ஓதாமல், நான்கு படங்களைக் காட்டி விளையாட்டாகவே குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் செய்யலாம். அண்டை வீட்டாரின் மொழியைக் கேட்கக் கேட்கத் தன் மொழியின் பழமையும் செல்வமும் ஒருவனுக்குப் புலப்படும். இதனால் தமிழுக்கு ஆக்கமேயன்றி இழப்பு இல்லை.

படத்தின் துணைகொண்டு கற்பித்தல் மேனாட்டார் தந்த புதுமை என்று சிலர் எண்ணுவர். தமிழ்மொழியே அவ்வெண்ணத்தை மறுக்கிறது. 'எழுது' என்னும் சொல், எழுத்தை வரைதற்கும் ஓவியத்தைத் தீட்டுதற்கும் பழந்தமிழில் பொதுவாக வழங்கியது. திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்த மண்டபம் ஒன்று இருந்ததைப் பரிபாடல் கூறுகிறது. அம்மண்டபத்தை 'எழுத்து' என்னும் சொல்லாலேயே அது குறிக்கிறது. குன்றிற்கு வந்தோர் அம்மண்டபத்தில் ஓவியங்களைச் சுட்டி வினவினர். உடன்வந்தோர் அவை இன்னவை எனக் கதையோடு விளக்கினர். படத்தைக் கண்டு வினவுதலும், வினாவிற்கு விடையாகக் கதை எழுதலும் படநூல் வகுப்பின் உயிர்நிலை. அவ்வகுப்பு பல நூற்றாண்டுகட்கு முன்னரே பரங்குன்றத்தில் நடந்திருக்கிறது.

கிருஷ்ணகிரி நிலத்திலும் இம்மரபிற்குச் சான்றுகள் உள. பருகூரை அடுத்த மல்லப்பாடியில், குதிரைமேல் அமர்ந்து பொரும் வீரரின் உருவங்கள் பாறையில் வெண்ணிறத்தில் தீட்டப்பெற்றுள்ளன. அம்மாவட்டத்தில் நடுகற்கள் மிகுதி. ஆநிரையைக் காக்கும் போரிலும் பிற போர்களிலும் வீழ்ந்த மறவனின் உருவம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். பல கற்களில் அவ்வுருவத்தோடு அவன் பெயரும் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தறிந்தோர் படித்தனர், எழுத்தறியாதோர் உருவத்தைக் கண்டு உணர்ந்தனர். படமும் எழுத்தும் அருகருகே நின்று ஒரே செய்தியை உரைக்கும் அக்கற்களைக் கற்படநூல் எனினும் பொருந்தும்.

பிற நாடுகளிலும் இவ்வுண்மையை உணர்ந்த ஆசிரியப் பெருமக்கள் இருந்தனர். மொராவிய நாட்டவரான கொமீனியஸ் என்பார், 1658-ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில், உலகத்துப் பொருள்களைப் படங்களால் காட்டும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு படத்தின் உறுப்புகளுக்கும் எண்கள் இடப்பட்டிருந்தன. அவ்வெண்களுக்குரிய சொற்கள் இலத்தீனிலும் செருமானியத்திலும் அருகே அச்சிடப்பட்டிருந்தன. அறிந்த மொழியிலிருந்து அறியாத மொழிக்குச் செல்லப் படத்தைப் பாலமாக்கிய நூல் அது. நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்னும் அம்மையார், பிற நாட்டு வாழ்க்கையைக் கூறும் பாடநூல்கள் அக்குழந்தைகளின் உள்ளத்தைத் தொடாமையைக் கண்டார். அச்சமும் அன்பும் கலந்து அவர்கள் வாயினின்றும் வெளிப்பட்ட சொற்களையே முதற்பாடமாக்கினார். அவர்கள் வாழ்க்கையைச் சித்திரிக்கும் படநூல்களைத் தாமே ஆக்கினார். தம் பட்டறிவை 1963-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். குழந்தைக்குக் கல்வி அதன் தாய்மொழியில் தொடங்குதலே நன்று என்பதை யுனெஸ்கோ நிறுவனமும் 1953-ஆம் ஆண்டின் அறிக்கையில் வலியுறுத்திற்று.

தமிழகமும் இத்துறையில் வாளா இருக்கவில்லை. ஆந்திரத்து மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியில், படக்குறிகள் இட்ட அட்டைகளைக் கொண்டு சிற்றூர்க் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை வளர்ந்தது. அம்முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுதும் பரவியது. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. 2023-இல் வாசிப்பு இயக்கம் தோன்றிற்று; அதன் சிறுநூல்கள், 'நுழை, நட, ஓடு, பற' என்னும் நான்கு படிகளாக, படங்களோடு அமைந்தன. ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் என்னும் அமைப்பு, 2015-ஆம் ஆண்டு முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தில் படக்கதைகளைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. ஒரே கதை, அதே படங்களோடு, பல மொழிகளில் அங்குக் கிடைப்பதுண்டு. பன்மொழிக் குழந்தைகள் ஒருங்கே அமரும் எல்லைப்புறப் பள்ளிக்கு இதனினும் ஏற்ற துணை யாது?

எனினும், நூல் இருத்தல் வேறு. அது பயன்படுதல் வேறு. கிழிந்துவிடும் என்று அஞ்சி அலமாரியில் பூட்டிவைத்த படநூல், எண்ணெய் இல்லாத விளக்கை ஒக்கும். ஆசிரியரே முழுவதும் படித்துக் காட்டி, இறுதியில், 'தவளை எங்கே இருந்தது?' என்று வினவி, ஒரே விடையை எதிர்பார்ப்பதும் போதாது. அது பழைய மனப்பாடமே; படம் என்னும் புத்தாடையை உடுத்து வந்திருக்கிறது. அச்சிட்ட கோட்டிற்குள் வண்ணம் தீட்டச் சொல்லி, கோட்டைத் தாண்டிய குழந்தையைக் கடிந்துகொள்வதும் ஆக்கத்திறனை வளர்ப்பதாகாது. படநூலின் பயன், குழந்தை அதனைப் பார்ப்பதோடு முடிவதில்லை. அதனைக் கண்டு தானும் ஒன்றைப் படைக்கும்போதே நிறைவெய்துகிறது.

அங்ஙனம் படைப்பதற்கு வழிகள் பல. பக்கத்தைத் திருப்புமுன், 'இனி என்ன நிகழும்?' என்று வினவலாம். நாற்பது குழந்தைகள் நாற்பது விடை கூறுவர், எதுவும் தவறாகாது. எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, கதையைக் குழந்தைகளையே கூறச் செய்யலாம். கதையில் வரும் தவளையாகவும் கொக்காகவும் நின்று நடிக்கச் செய்யலாம். முடிவைப் பிடிக்காத குழந்தை வேறு முடிவைத் தாளில் வரையலாம். இவை எல்லாவற்றினும் சிறந்தது, குழந்தைகள் தாமே ஒரு படநூலை ஆக்குதல்.

ஓசூர்க் குழந்தைகளுக்குக் கதைப்பொருளுக்குப் பஞ்சமில்லை. தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதிகளின் காடுகள் வழியே யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் கருநாடகத்திலிருந்து வருகின்றன. கேழ்வரகு விளைந்த கொல்லைகளில் இறங்குகின்றன. உழவர் வீட்டுக் குழந்தை அவ்விரவுகளை அறியும். பரணின்மேல் காவல் இருக்கும் தந்தை, தொலைவில் கேட்கும் பிளிறல், காலையில் மண்ணில் தெரியும் அடிச்சுவடு ஆகியவற்றை அது படமாக வரையும். தொழிலாளர் வீட்டுக் குழந்தை சங்கொலியையும், இரவுப்பணி முடிந்து பகலில் உறங்கும் தந்தையின் அருகே ஓசையின்றி விளையாடும் தன் தம்பியையும் வரையும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் குழந்தை சொல்லும் ஒரு தொடரை ஆசிரியர் தமிழில் எழுதித் தருவார். தன் படத்தின் கீழ்த் தன் சொல் எழுத்தாகி நிற்பதைக் காணும் குழந்தை, அவ்வெழுத்தைப் படிக்காமல் இருக்குமா? எவரும் ஏவாமலே அதனைப் பலமுறை படிக்கும். அயலாரை அழைத்தும் படித்துக் காட்டும்.

இதற்கு மாறாகக் கூறப்படும் தடைகளையும் கருதுதல் முறை. படத்தில் பழகிய குழந்தை எழுத்தில் நாட்டம் கொள்ளாது என்பர். படம் மட்டும் எழுத்தறிவைத் தந்துவிடாது என்பது உண்மையே. எழுத்துகளின் வடிவும், ஒலியும், உயிரும் மெய்யும் கூடும் முறையும் நாள்தோறும் ஒழுங்காகக் கற்பிக்கப்படுதல் வேண்டும். அதற்குப் படநூல் மாற்றாகாது. ஆனால், எழுத்தைக் கற்பதற்குரிய விருப்பத்தை எழுத்தே தரவல்லதன்று. அவ்விருப்பத்தைத் தருவது கதை. கதைக்குள் குழந்தையை அழைத்துச் செல்வது படம். பாடங்களை முடிக்கவே காலம் போதவில்லை என்பர் சிலர். பாடம் முடிந்தும் குழந்தை வாய் திறவாதிருப்பின், முடிந்தது பாடமா, காலமா? படநூல் வாங்கப் பொருள் இல்லை என்பர் வேறு சிலர். பழைய நாட்காட்டியின் பின்புறமும், பொருள்கள் கட்டிவந்த அட்டையும், ஒரு பக்கம் அச்சாகிக் கழிந்த தாளும் தொழில்நகரில் எளிதில் கிடைப்பவை. ஊசியும் நூலும் இருப்பின் அவை புத்தகமாகும்.

இப்பணி ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. எழுதவும் வரையவும் கற்றுவிட்ட அவர்கள், ஓய்வு நாளில் எட்டுப் பக்கத்தில் ஒரு படநூலை ஆக்கி, அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக்கு அளிக்கலாம். இரு மொழி அறிந்த மாணவர், ஒரே படத்தின் கீழ் இரு மொழியிலும் எழுதலாம். மொழி தெரியாமல் மருண்டு நிற்கும் சிறுவன் ஒருவன் அண்டை வீட்டில் இருப்பின், அவனை அருகில் அமர்த்திப் படத்தைக் காட்டி, அவன் கூறும் சொல்லை முதலில் தாம் கேட்டு அறிந்து, பின்னர்த் தமிழ்ச் சொல்லை அவனுக்குக் கூறலாம். கொடுக்கல் வாங்கல் போன்று ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாக நிகழும் அக்கல்வியில் இருவரும் மாணவர், இருவரும் ஆசிரியர்.

எல்லை என்பது நாட்டுப்படத்தில் ஒரு கோடு. அக்கோட்டின் இருபுறமும் மழை ஒன்றாகவே பெய்கிறது. தவளை ஒன்றாகவே கத்துகிறது. அதனைக் கண்ட குழந்தை தன் வாயில் வந்த பெயரைச் சொல்லட்டும். அப்பெயரைச் செவிகொடுத்துக் கேட்கும் வகுப்பறையில், தமிழ் எவருக்கும் அயல்மொழியாக இராது.